மலையை எங்கே நின்று வரைந்தார்கள்?

கேள்வி: நான் கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் (பி.ஜி.எம்.எல்.) சர்வே ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். 2001-ல் மைன்ஸை மூடியதும் வேலை போயிற்று. சென்ற வருடம் இங்கிலாந்தில் இருக்கும் மகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே சீன ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம். மலை, அருவி, மூடுபனி என்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிளானும் செக்‌ஷனும் போட்டுப் பழகிய கண்ணுக்கு ஒன்று பிடிபடவில்லை. எந்த இடத்தில் நின்றால் அந்த மலை அப்படித் தெரியும்? அடிவாரம், உச்சி, பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே படத்தில் தெரிகின்றன. நிழலைக் காணோம். போதாததற்கு, நல்ல படத்தின் மேலேயே சிவப்பு முத்திரைகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். நானூறுக்கு மேல் படங்கள் உண்டு என்றான் மகன். சுவரில் இருந்தவை கொஞ்சம்தான். மற்றவை எங்கே? இப்போது பொழுதுபோக்காக எங்கள் ஊர் சயனைடு மேட்டை வாட்டர்கலரில் வரைந்து பார்க்கிறேன். மணல் குவியல் மாதிரிதான் வருகிறது. சீனர்கள் முறை இதற்கு உதவுமா?

— ஓய்வுபெற்ற வாசகர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: ஐயா, பல வருடம் ஓவியம் பார்த்தவர்கள்கூட அந்தக் கூடத்தில் ‘ஆஹா, என்ன அமைதி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் ‘எங்கே நின்று?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் சீன ஓவியர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

பதினோராம் நூற்றாண்டில் குவோ ஷி என்றொரு அரசவை ஓவியர் இருந்தார். 1072-ல் அவர் வரைந்த ‘வசந்தத்தின் தொடக்கம்’ இன்று தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் சொல்லிவந்ததை மகன் தொகுத்து நூலாக்கினார். அதில் மலையின் தொலைவை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது ஒன்று. முன்மலையில் நின்று அதன் பின்னால் இருப்பதை ஊடுருவிப் பார்ப்பது இன்னொன்று. பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைச் சமமட்டத்தில் பார்ப்பது மூன்றாவது. ஒரே படத்தில் மூன்றும் வரலாம். அதாவது ஓவியர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை; நடந்துகொண்டே இருந்தார். பார்க்கிற நாமும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

அலுவல் கட்டிப்போட்டிருப்பதால் மலைக்குப் போக முடியாத அதிகாரிகள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே போய்வரத்தான் இந்தப் படங்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. போய்வருவதற்கான படத்தில் நிற்கும் இடத்தைத் தேடினால் கிடைக்காது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் ஷாஃப்டின் செக்‌ஷனை வரைந்தபோது நீங்களும் எந்த இடத்திலும் நிற்கவில்லையே! மூன்று கிலோமீட்டர் ஆழத்தை ஒரு தாளில் கொண்டுவர, மனிதக் கண் ஒருபோதும் பார்க்க முடியாத ஒன்றை வரைந்தீர்கள். நிழல் இல்லாததும் இதனால்தான். நிழல் போட்டால் சூரியன் ஓரிடத்தில் நின்றுவிடும், நேரமும் நின்றுவிடும்.

இதை நேரில் உணர ஃபான் குவான் வரைந்த ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்’ படத்தைப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். பட்டின் மேல், 206 சென்டிமீட்டர் உயரம். முன்னால் இருக்கும் பாறை நம் கண்மட்டத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் விரல்நகம் அளவுக்குக் கழுதைக் கூட்டம் ஒன்று. அதற்கு மேல் மூடுபனி. பனிக்கு மேல், படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு மலை. அந்தப் பனியை எடுத்துவிட்டால் படம் இடிந்து விழும். மூன்று பார்வைகளும் ஒன்றோடொன்று மோதாமல் காப்பது அந்த வெற்றிடம்தான். ஓவியரின் கையெழுத்து இலைக்கூட்டத்துக்குள் ஒளிந்திருந்தது; 1958-ல்தான் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு பெரிய மலையை வரைந்தவர் பெயரை இவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறார்.

முத்திரைகளைப் பற்றி நீங்கள் எரிச்சல்படுவது எனக்குப் புரிகிறது. சில படங்களில் எனக்கும் எரிச்சல் வரும். ஓவியரின் முத்திரை ஒன்றிரண்டுதான். மற்றவை படத்தை வைத்திருந்தவர்கள் போட்டவை. சொத்து வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழில் பழைய கைமாற்றங்களைப் பார்ப்போமே, அப்படி இந்தப் படத்தை யார் யார் வைத்திருந்தார்கள் என்பது படத்தின் மேலேயே பதிவாகியிருக்கும். அதில் கட்டுப்பாடே இல்லாதவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் சியான்லோங். கண்ட இடத்தில் முத்திரை, கண்ட இடத்தில் கவிதை.

அவரை ஏமாற்றிய கதை ஒன்று உண்டு. ஹுவாங் கோங்வாங் 1350-ல் முடித்த ‘ஃபூச்சுன் மலைகளில் வாசம்’ என்ற நீளச் சுருளின் நகல் ஒன்று முதலில் அரண்மனைக்கு வந்தது. சியான்லோங் அதையே அசல் என்று நம்பி, வெற்றிடம் தீரும்வரை எழுதித் தள்ளினார். அடுத்த வருடமே, 1746-ல், உண்மையான அசல் வந்தபோது அதை நகல் என்று தள்ளிவைத்தார். அசல் பிழைத்தது! அதற்கு முன்பே அது ஒரு கண்டம் தாண்டியிருந்தது. 1650-ல் அதை வைத்திருந்த செல்வந்தர், சாகும் தறுவாயில், தன்னோடு வரட்டும் என்று நெருப்பில் போடச் சொன்னார். அவருடைய சகோதரர் மகன் இழுத்து எடுத்தார். சுருள் இரண்டு துண்டானது. சிறிய துண்டு இன்று சீனாவின் ஹாங்சோவில், பெரியது தைப்பேயில். இரண்டையும் 2011-ல் தைப்பேயில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்கள்.

மற்ற படங்கள் எங்கே என்றால், இருட்டில். பட்டும் காகிதமும் வெளிச்சத்தில் பழுத்துப்போகும். அதனால் விளக்கை மங்கலாக, சுமார் 50 லக்ஸ் அளவில் வைத்து, சில மாதம் காட்டிவிட்டுச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். நீங்கள் மறுபடி போனால் வேறு படங்களைப் பார்ப்பீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால், ஆய்வறையில் எடுத்துக் காட்டும் வழக்கமும் பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் உண்டு. படிப்பவர்களுக்காகச் சேர்த்தவை அவை. சுவரில் மாட்டுவது இரண்டாவது வேலை.

அந்த நானூறு சொச்சம் படங்கள் வந்த வழி சுவையானது. மைக்கேல் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் 1940-ல் செஞ்சிலுவைச் சங்க லாரி ஓட்டச் சீனாவுக்குப் போனார். அங்கே வூ ஹுவான் என்ற நுண்ணுயிரியலாளரை மணந்தார். போர்க்கால ஓவியர்கள் பலர் இருவருக்கும் நண்பர்கள். படங்களை அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். ஐம்பதுகளில் சிங்கப்பூரில் இருந்த மலாயா பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தைத் தொடக்கத்தில் நடத்தியவரும் இவர்தான். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகம் பிரிந்தபோது சேகரிப்பும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்குமாகப் பிரிந்தது. 2013-ல் சல்லிவன் இறந்தபின், தம்பதியின் சொந்தச் சேகரிப்பு ஆஷ்மோலியனுக்குப் போனது. அதில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டுப் படங்கள். நான் மேலே சொன்ன பழையவற்றைத் தேடி ஆக்ஸ்ஃபோர்டு போக வேண்டாம். தைப்பே அருங்காட்சியகம் தன் படங்களை மிகத் துல்லியமாக இணையத்தில் போட்டிருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். நீளச் சுருளை வலமிருந்து இடமாக, கை அகலம் கை அகலமாக நகர்த்திப் பாருங்கள். முழுவதையும் ஒரே திரையில் சுருக்கிப் பார்ப்பது அதன் கழுத்தை நெரிப்பது.

இந்தியாவில் பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சங்கடப்பட்டிருப்பேன். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனத்துப் பீங்கான் நிறைய உண்டு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஆரல் ஸ்டைன் சீனாவின் துன்ஹுவாங்கிலிருந்து கொண்டுவந்த பட்டு ஓவியங்கள் உண்டு; அவை பௌத்த ஓவியங்கள். நிலக்காட்சிக்கு நெருங்கிய உறவு சாந்திநிகேதனோடுதான். தாகூருடன் நந்தலால் போஸ் 1924-ல் சீனா போனார். தாகூர் அழைத்துச் சீன ஓவியர் ஷூ பெய்ஹோங் 1939 கடைசியில் சாந்திநிகேதன் வந்தார். மறுவருடம், இந்தியாவில் இருந்தபோதே, ‘மலையை நகர்த்திய கிழவர்’ என்ற பெரிய படத்தை வரைந்தார். வழியை மறிக்கும் இரண்டு மலைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியே அகற்றப் புறப்பட்ட கிழவரின் கதை அது. தோண்டும் கருவியை ஓங்கும் அந்த உடம்புகளுக்கு மாதிரியாக நின்றவர்களில் இந்தியர்கள் உண்டு. பாரிஸில் படித்த ஷூவின் இந்தப் படத்தை யாரும் மரபான நிலக்காட்சியில் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் தங்கவயல்காரர் ஒருவர் பார்க்க வேண்டிய படம்.

உங்களுக்கு இன்னும் நேரடியாக உதவக்கூடியவர் பினோத் பிஹாரி முகர்ஜி. 1924-ல், இருபது வயதில், சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள நிலத்தை நாற்பது அடிக்கு மேல் நீளமான சுருளாக வரைந்தார். 2023-ல் அதைக் கொல்கத்தாவில் காட்சிக்கு வைத்தார்கள். மழை அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள் நிறைந்த ஊர் சாந்திநிகேதன். கிழக்காசியச் சுருள் வடிவம் வங்காளச் செம்மண்ணுக்குப் பொருந்தியது என்றால், உங்கள் மேட்டுக்கும் பொருந்தும்.

இப்போது மேட்டுக்கு வருவோம். சீன ஓவியர்கள் பாறையின் தன்மைக்கேற்பத் தூரிகை வீச்சை மாற்றுவார்கள். கெட்டிப் பாறைக்குக் கோடரியால் கொத்தியது போன்ற வெட்டு வீச்சு. மண் மூடிய மென்மையான தென்சீன மலைகளுக்குச் சணல் நாரைப் பிரித்துப் போட்டது போன்ற நீளக் கோடுகள். சயனைடு மேடு பாறையே இல்லை. அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மாவு, மூன்று கோடி டன்னுக்கு மேல். மழை அதில் மேலிருந்து கீழாகக் கீறிய ஓடைகள்தான் அதற்கு முகம். நீங்கள் வாட்டர்கலரில் பரவலாகக் கழுவிவிடுவதால் அந்தக் கீறல்கள் மறைந்து குவியலாகிவிடுகிறது என்று ஊகிக்கிறேன். ஹுவாங் கோங்வாங்கின் நார்க் கோடுகளை நகல் எடுத்துப் பழகுங்கள். பாதி உலர்ந்த தூரிகை, கறுப்பு மை மட்டும் போதும். வண்ணத்தைப் பிறகு யோசிக்கலாம்.

மேட்டின் மேல் ஏறி வரைய வேண்டாம். காற்றடித்தால் அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாரிக்குப்பம் பக்கம் ஒரு நாள், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு நாள் என்று நடந்து குறிப்பெடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒரே தாளில் சேருங்கள். ஷாஃப்ட் கோபுரமோ ஆடு மேய்ப்பவரோ ஒன்று, மிகச் சின்னதாக, ஓரத்தில் இருக்கட்டும். மேட்டின் அளவு அதனால்தான் தெரியும். இரண்டு பார்வைகள் சந்திக்கும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். எங்கே விடுவது என்பதை மை தொடுவதற்கு முன்பே பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு வெள்ளை பெயிண்ட் பூசி மூடினால் அது பனியாகத் தெரியாது, ஒட்டுப்போட்டதாகத்தான் தெரியும்.