செங்கல் எவ்வளவு வெந்திருக்கிறது?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தவை அங்கிருந்த செங்கல் சூளைகள். மாணவர்களே, களிமண்ணை ஏன் சுட வேண்டும்? வெயிலில் மட்டும் உலர்ந்த கல் நம் ஊர் மழையில் நனைந்தால் மீண்டும் சேறாகிவிடும். சூளையின் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸை எட்டும்போது, களிமண் கனிமங்களில் வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் நீங்குகிறது. அதன்பின் கல் சேறாகாது. ஆனால் சுவர் எழுப்ப அந்த வலிமை போதாது. பெரும்பாலும் 900 முதல் 1,100 பாகைக்குள்தான் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகி, துகள்களைப் பிணைக்கிறது. நுண்துளைகள் குறைகின்றன, உறுதி கூடுகிறது. வெப்பம் அளவு மீறினால் கல் வளைந்து உருக்குலையும்.

உலர்ந்த செங்கல் ஒன்றை எடைபோடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் எடைபோடுங்கள். 2.5 கிலோ கல் 2.9 கிலோவானால், உறிஞ்சிய நீர் 16 விழுக்காடு. அதே மண்ணில் செய்த, சரியாக வேகாத கல் இன்னும் அதிகம் குடிக்கும். சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அந்த நிறம் மண்ணிலுள்ள இரும்பினால் வருவது.