பெயர் சொல்லி அழைத்தால்

மாணவர்களே, ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இரண்டு மனைகளையும் ஒரு கிணற்றையும் அளக்க வேண்டும் எனக் கொள்வோம். முதல் மனை செவ்வகம். 40 அடிக்கு 60 அடி. பரப்பு 2400 சதுர அடி. சென்னைப் பக்கத்தில் 'ஒரு கிரவுண்டு' என்பது இதைத்தான். அடுத்தது சரிவகம். இணைப்பக்கங்கள் 40, 50 அடி. அவற்றின் இடைத்தூரம் 60 அடி. கிணறோ வட்டம்; ஆரம் 7 அடி. வட்டத்திற்கு ஓர் அளவு போதும், செவ்வகத்திற்கு இரண்டு, சரிவகத்திற்கு மூன்று அல்லவா?

வடிவத்தையும் அளவுகளையும் கொடுத்தால் பரப்பைச் சொல்லும் ஒரு வலைப்பக்கம் அமைப்போம். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி மொழி இதற்கு ஏற்றது. இம்மொழியில் நாம் சூட்டும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். இது பலருக்குத் தெரியாது!

ஒரு வேலையைத் தனியே எழுதிப் பெயரிட்டு வைப்பதே செயற்கூறு. செவ்வகம்(40, 60) என அழைத்தால் 2400 கிடைக்கும். ஆனால் பக்கத்தைப் பார்ப்பவர் எந்த வடிவத்தைக் கேட்பார் என்பது எழுதும்போது நமக்குத் தெரியாதே! 'வட்டமானால் இதை அழை, செவ்வகமானால் அதை அழை' என்று எழுதிக்கொண்டே போகலாம். வடிவங்கள் பெருகினால் அலுத்துவிடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்:

$பெயர் = "சரிவகம்";
$அளவுகள் = [40, 50, 60];
$விடை = $பெயர்(...$அளவுகள்);

மாறியில் உள்ள பெயரைக் கணினி படித்து, அப்பெயருடைய செயற்கூறைத் தேடி அழைக்கிறது. மூன்று புள்ளிகள் அணியைப் பிரித்து, எண்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கின்றன. விடை 2700. இப்புள்ளிகள் 2014இல் பிஎச்பி 5.6 பதிப்பில் வந்தவை. அதற்கு முன்பு பெயரையும் அணியையும் ஓர் உள்ளமைந்த செயற்கூறிடம் ஒப்படைப்பார்கள். அது இன்றும் இருக்கிறது.

இனி, கவனிக்க வேண்டிய இடம். அதே மூன்று எண்களைக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் "செவ்வகம்" என்று மாற்றினால் என்ன ஆகும்? கணினி முதலிரண்டு எண்களைப் பெருக்கி 2000 என்கிறது. மூன்றாவதைச் சத்தமின்றிக் கைவிடுகிறது. 700 சதுர அடியைக் காணோம்! அளவு குறைந்தால் 7.1 பதிப்பு முதல் பிழை காட்டி நிற்கும். மிகுந்தால் வாய் திறக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பெயரை அனுப்புகிறவர் முகம் தெரியாத ஒருவர். பிஎச்பியில் 'சிஸ்டம்' என்ற உள்ளமைந்த செயற்கூறு, தரப்பட்ட கட்டளையைச் சர்வர் கணினியிலேயே இயக்கிவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரையும், கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் ஒருவர் அனுப்பினால்? நம் பக்கம் அதையும் அழைத்து வைக்கும்!

இரண்டுக்கும் ஒரே மருந்து:

$பட்டியல் = ["வட்டம்" => 1, "செவ்வகம்" => 2, "சரிவகம்" => 3];

வந்த பெயர் இதில் உள்ளதா, அளவுகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா, ஒவ்வொன்றும் எண்தானா என்று பார்த்த பிறகே அழைக்க வேண்டும்.

மூன்று பக்கங்களைக் கொண்டு பரப்புக் காணும் "முக்கோணம்" செயற்கூறை நீங்களே எழுதிச் சேருங்கள். பட்டியலில் ஒரு பதிவு கூடும். அழைக்கும் வரி மாறாது. 30, 40, 50 கொடுத்தால் 600 வரவேண்டும்.