வகுப்பு வாசலில் நிற்கும் தாய்

கேள்வி: அகதியாகப் போகும் பெண்ணுக்குப் புது நாட்டில் பெரிய சிக்கல் எது?
– வாசகி, திருச்சி

பதில்: மொழிதான் என்பார்கள். நான் கைக்குழந்தையையும் சேர்த்துச் சொல்வேன். 2015 நவம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை 25,000-க்கும் அதிகமான சிரியா அகதிகளைக் கனடா ஏற்றது. அங்கே அரசு செலவில் மொழி வகுப்பு உண்டு. பல இடங்களில் குழந்தைக் காப்பகமும் உண்டு. ஆனால் காப்பகத்தில் இடம் போதவில்லை. அதனால் பல குடும்பங்களில் கணவர் வகுப்புக்குப் போனார். மனைவி வீட்டில் காத்திருந்தார். சொந்த ஊரென்றால் அம்மாவோ அத்தையோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். புது நாட்டிலோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசக்கூட வார்த்தை இல்லை.

மொழி தெரியாத தாய்க்கு, பள்ளியில் ஆங்கிலம் பழகிய மகளை மருத்துவரிடம் கூட்டிப்போய், தன் உடம்பின் அந்தரங்கத்தை அவள் வாயால் சொல்லவைக்க நேர்கிறது. நினைத்தாலே மனம் கனக்கிறது. பெண் மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே ஏற்பாடு செய்துதர வேண்டும்.