காவிரிப் படகுக்கு மோட்டார் தண்டு எவ்வளவு நீளம்?

சிறிய மீன்பிடிப் படகுக்கு மின் மோட்டார் வாங்கும்போது, உந்துவிசைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது தண்டின் நீளம். விசிறியின் மேல் நுனி நீர்மட்டத்துக்கு 9 முதல் 12 அங்குலம் கீழே இருக்க வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை உறிஞ்சும். மோட்டார் உறுமும், படகு நகராது. அளவுக்கு மீறி நீண்டால் விசிறி மணலைக் கிளறும்.

திருச்சியில் இந்த இரண்டாவது தொல்லையே பெரிது. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்து ஓடுகின்றன. இரண்டிலும் அடியில் மணல்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. ஆடிப்பெருக்கின்போது கரை தொட்டு ஓடும் ஆறு, பங்குனியில் மணல்திட்டுகளுக்கு இடையே ஓடையாகச் சுருங்கிவிடும். மணல் அள்ளிய பள்ளங்களில் மட்டும் ஆழம் மிஞ்சும்.

அளவெடுக்கக் கரையில் கிடக்கும் படகு உதவாது. ஆட்கள், வலை, பேட்டரி எல்லாம் ஏறிய பிறகு, பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை டேப் பிடிக்க வேண்டும். பேட்டரியைப் பின்னால் வைத்தால் பின்பக்கம் இன்னும் அமிழும். வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்து அளப்பது நல்லது. கிடைத்த அளவோடு ஏறத்தாழ 20 அங்குலம் கூட்டினால் தண்டின் நீளம் வரும். விளிம்பு 10 அங்குல உயரம் என்றால் 30 அங்குலத் தண்டு, 16 என்றால் 36, 22 என்றால் 42. தட்டையான அடி கொண்ட ஃபைபர் படகுகள் பலவற்றுக்கு 30 அல்லது 36 போதும். முகப்பில் பொருத்தும் மோட்டாருக்குக் கதை வேறு: முன்பக்கம் உயரம், அலைக்குத் தூக்கியும் போடும். அங்கே இன்னும் சில அங்குலம் சேர்க்க வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் நீளமானதையே எடுக்கலாம். மின் மோட்டாரின் கிளாம்பைத் தளர்த்தித் தண்டை மேலே இழுத்துப் பூட்டிக்கொள்ள முடியும். குட்டைத் தண்டை நீட்ட வழியில்லை. ஆனால் தண்டு மேலேறினால் கைப்பிடியும் மேலேறும். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் அவுட்போர்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 15, 20, 25 அங்குலம் என்ற நிலையான அளவுகளில் பின்பலகையின் உயரத்துக்கு நேராகப் பொருந்துவதையே வாங்க வேண்டும். கடலோர ஃபைபர் படகுகளில் காணும் லாங் டெயில் என்ஜின், நீண்ட தண்டைச் சாய்வாக நீட்டி விசிறியை மேல்நீரிலேயே சுழற்றுவது. ஆழமில்லாத தண்ணீருக்கு ஏற்றது. என்றாலும் அதன் இரைச்சல் ஆற்று மீனைக் கலைத்துவிடும். தூண்டில் போடுபவருக்கு மின் மோட்டாரே மேல்.

பரிசலுக்குப் பின்பலகையே கிடையாது. வட்ட அடி, மோட்டார் தள்ளும்போது நேராகப் போகாமல் சுழலும். அதற்குத் துடுப்புதான் சரி.

மாசிக்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் எந்த நீளமும் கைகொடுக்காது. அப்போது மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிவிட்டு, கழி ஊன்றித் தள்ளிப் போக வேண்டியதுதான்.