துப்பாக்கி ஏந்தும் பிள்ளைகளுக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் உள்ள நம் பிள்ளைகள் கேமரன் மலைக்கு ஏறி வருகிறார்கள். இரண்டு நாள் தேயிலைத் தோட்டம் பார்ப்பார்கள். மூன்றாம் நாள், "மாமா, யாரிடமாவது துப்பாக்கி கிடைக்குமா? சுட்டுப் பழக வேண்டும்" என்று என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். கடைக்காரனுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். இல்லையென்று அனுப்பிவிடலாம், ஆனால் அந்த ஆசை வேறு கதவைத் தட்டும். ஆகவே, காட்டுப் பன்றி விரட்டும் காய்கறித் தோட்டக்காரர்களிடம் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை எழுதுகிறேன். நான் மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் படித்தவன், நிபுணன் அல்லன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு தோட்டக்காரர் தம் ஸெனாப்பாங் பாத்தாவை, அதாவது மடித்துத் திறக்கும் வேட்டைத் துப்பாக்கியை, எங்கள் கடை அரிசி மூட்டையில் சாய்த்துவிட்டுச் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "காலித் துப்பாக்கிதான் தம்பி, தொட்டுப் பார்" என்றார் அவர். அண்ணன் தொட்டான். கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தது. குழல் மேல்நோக்கி இருந்ததால் அன்று மையித்து எடுக்கவில்லை. அத்தா அந்த ஓட்டையைக் கடைசிவரை அடைக்கவில்லை. மழை பெய்தால் கீழே வாளி வைப்பார்; ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்வார்.

பிள்ளைகள் முதலில் படிக்கவேண்டியது இதுவே. காலித் துப்பாக்கி என்று ஒன்றைக் கருதவே கூடாது. யார் சொன்னாலும், ஒரு நிமிஷத்துக்கு முன் நாமே பார்த்திருந்தாலும், கையில் எடுத்தவுடன் குழலைப் பத்திரமான பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாயிருந்தால் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். பிறர் கையில் கொடுக்கும்போது திறந்தபடியே கொடுக்க வேண்டும். இந்த அதபு நமக்குப் புதிதன்று. உருவிய வாளைக் கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்போடு போகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றும் கற்பித்தார்கள். கடைவீதியில் பிழைக்கும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

விளையாட்டுக்குக்கூடக் குழல் ஒரு மனிதன் பக்கம் திரும்பலாகாது. சுடத் தீர்மானித்த கணம்வரை விரல் விசைக்கு வெளியே நீண்டு கிடக்கட்டும். பாதுகாப்புப் பூட்டை நம்பிவிடாதீர்கள். அதுவும் இரும்புதான், தேயும்.

காற்றுத் துப்பாக்கிதானே என்று பெற்றோர் அசட்டையாய் இருக்கிறார்கள். அதன் ரவை 4.5 மில்லிமீட்டர்தான், ஆனால் ஒரு கண்ணுக்கு அது போதும். சிறு கல்லைச் சுண்டி எறிவதையே, அது வேட்டைக்கும் உதவாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். உயிருள்ள பறவையைக் கட்டிவைத்துக் குறி பழகுவதும் ஆகாது.

இனி நம் மலையின் சங்கதி. தேயிலைச் செடி இடுப்பளவு. குனிந்து நிற்கும் தொழிலாளியின் தலைகூட வெளியே தெரியாது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். பனிமூட்டம் இறங்கினால் எதிரிலிருப்பது பன்றியா மனிதனா என்று புரியாது. காட்டோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் நடமாடுவார்கள். அசைவைப் பார்த்துச் சுடுகிறவன் கொலைக்குத் துணிந்தவன். குறி இன்னதென்று முழுதாய்த் தெரிய வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றும் தெரிய வேண்டும். 22 ரகத் துப்பாக்கியின் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். மேட்டின் உச்சியை நோக்கிச் சுட்டால் அது அடுத்த லயத்தில் விழலாம். பாறையிலும் தண்ணீரிலும் பட்டால் திசைமாறிப் பாயும். பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுடலாம். கால்வாய் தாண்டும்போதும் வழுக்குச் சரிவில் இறங்கும்போதும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும்.

தோட்டாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். போடவில்லை என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது இதனால்தான். சேறு அடைத்த குழலும் அப்படியே. விசை இழுத்தும் வெடிக்கவில்லையானால் உடனே திறக்காதீர்கள். குழலைப் பத்திரமான பக்கமே பிடித்து 30 வினாடியாவது பொறுங்கள். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும்.

சட்டமும் தெரிய வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. லைசென்ஸ் இன்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. தகப்பனார் லைசென்ஸ் மகனுக்குச் செல்லாது. துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் வேட்டையாடிவிடவும் முடியாது. அதற்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தனியாக இருக்கிறது.

ஆசையுள்ள பிள்ளையை அனுமதி பெற்ற சுடுதளத்துக்கு, கற்றுக்கொடுப்பவரிடம், கண்ணாடியும் காதுமூடியும் மாட்டி அனுப்புங்கள். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சுரியானி தாய்பி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுட்டார். அந்தக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பன்றியைத் துரத்துவதைவிட அது கஷ்டமான காரியம் என்று பையன்களிடம் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

கடை வைத்திருப்போருக்கு ஒன்று. அசல்போலவே தோன்றும் விளையாட்டுத் துப்பாக்கிகளும் போலி ஆயுதம் என்று அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும். சென்ற விடுமுறைக்கு முன் ஒரு மொத்த வியாபாரி அப்படி இரண்டு பெட்டிகளை என் கடையில் இறக்க வந்தார். நல்ல லாபம் என்றார். அவரைக் கூட்டிப்போய் அத்தாவின் கூரை ஓட்டையைக் காட்டி, பெட்டிகளை அவர் வண்டியிலேயே ஏற்றிவிட்டேன்.