மறதியா... மனசுக்குள் நெரிசலா?

“வயசாயிடுச்சு, எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது!” - உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி அலுத்துக்கொள்கிறாரா? அவரோடு ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பாருங்கள்.

‘கத்தரி, வெண்டை, அவரை’ என்று சொல்லுங்கள். அவர் உடனே 100, 97, 94 என்று மும்மூன்றாகக் குறைத்து 20 விநாடி எண்ணட்டும். பிறகு அந்த மூன்று பெயர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் பளிச்சென்று சொல்லிவிடுவார். அடுத்து, ‘புடலை, முருங்கை, பாகல்’. மூன்றாவதாக, ‘பூசணி, கோவை, பீர்க்கு’. இப்போது தடுமாற்றம் ஆரம்பிக்கும். வெண்டையும் புடலையும் குறுக்கே வந்து நிற்கும். நாலாவது சுற்றில் ‘கம்மல், வளையல், கொலுசு’ என்று மாற்றுங்கள். ஞாபகம் மறுபடி தெளிவதைப் பார்க்கலாம்!

காரணம், பழைய காய்கறிப் பெயர்கள் புதுசோடு மோதியதுதான். உளவியல் நிபுணர்கள் இதைக் ‘குறுக்கீடு’ என்கிறார்கள்.

ஒரு வேலை செய்துகொண்டே சில விஷயங்களை மனசில் தாங்கிப் பிடிக்கும் திறனுக்கு ‘ஒர்க்கிங் மெமரி’ என்று பெயர். இதை அளக்க டேன்மேன், கார்ப்பென்டர் என்ற இருவர் 1980ல் ஒரு டெஸ்ட்டை வெளியிட்டார்கள். வாக்கியங்களை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றின் கடைசி வார்த்தையையும் பிறகு ஒப்பிக்க வேண்டும். முதலில் இரண்டு வாக்கியம், அப்புறம் மூன்று, நாலு என்று ஏறிக்கொண்டே போகும். பெரிய தொகுப்பு வருவதற்குள் முந்தைய வார்த்தைகளெல்லாம் மனசில் குவிந்துவிடும். அப்படியானால் கிடைக்கிற மார்க், ஞாபகத்தின் கொள்ளளவை மட்டுமா காட்டும்?

1999ல் மே, ஹாஷர், கேன் ஆகிய ஆய்வாளர்கள் பெரிய தொகுப்பை முதலில் கொடுத்தார்கள். நடுவில் ஓய்வும் விட்டுப் பார்த்தார்கள். இப்படிக் குறுக்கீட்டைக் குறைத்ததும் முதியவர்களின் மார்க் கூடியது. வயதானவர்களைக் குறுக்கீடு அதிகம் பாதிக்கிறது என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்?

* பெரியவர்களிடம் நாலு விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். முக்கியமானதை முதலில் சொல்லி, சற்று இடைவெளி விடுங்கள்.

* பெயர் ஒன்றுபோல் இருக்கும் மாத்திரைகளை நினைவை நம்பி விடாதீர்கள். வேளையோடு எழுதி வையுங்கள்.

* குழந்தைகள் ஒரே மாதிரிப் பாடங்களை அடுத்தடுத்து மனப்பாடம் செய்ய வேண்டாம். வரலாற்றுக்குப் பிறகு கணக்குப் போடட்டும்.

ஆனால் பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் திகைத்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, “வயசுதானே” என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போய்விடுங்கள்.