டிஜிட்டல் கேமரா: வரலாறும் தேர்வும் – முக்கியக் குறிப்புகள்

கேமராக் கடையில் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் எண்ணிக்கைதான். தேர்வுக்குப் படிப்பவராகட்டும், வாங்கப் போகிறவராகட்டும், அந்த எண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒளியைப் பதியும் சென்சாரிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். குறிப்புகளும் அந்த வரிசையிலேயே.

சென்சார் வந்த வழி

• 1957: அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அளவு 176 × 176 புள்ளிகள். முதல் டிஜிட்டல் படம் என்று சொல்லப்படுவது இதுவே. எடுத்தது ஸ்கேனர், கேமரா அல்ல.

• 1969: பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி சென்சாரைக் கண்டுபிடித்தனர். 2009 இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவர்களுக்கு. மறுபாதி ஒளியிழை ஆய்வுக்காக சார்லஸ் காவ் பெற்றது. மூவரையும் சிசிடியோடு சேர்த்து எழுதிவிட வேண்டாம்.

• 1975: கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். 100 × 100 பிக்சல், அதாவது 0.01 மெகாபிக்சல். கருப்பு வெள்ளைப் படம். கேசட் நாடாவில் ஒரு படம் பதிய 23 விநாடி. எடை சுமார் 3.6 கிலோ. இத்தனை முன்னதாகக் கையில் வைத்திருந்தும், பிலிம் வணிகத்தையே பெரிதாக நம்பிய கோடக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இது.

• 1976: கோடக்கின் பிரைஸ் பேயர் பெற்ற காப்புரிமை, பேயர் வடிகட்டி. நான்கு புள்ளிகளில் 2 பச்சை, 1 சிவப்பு, 1 நீலம். மனிதக் கண் பச்சை ஒளியைக் கூடுதலாக உணர்வதால் இந்த விகிதம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பதிகிறது; மற்ற இரண்டையும் அண்டைப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது.

• 1990-கள்: நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு வளர்த்த சிமாஸ் சென்சார். மின்சாரம் குறைவாகச் செலவாகும், தயாரிப்பும் மலிவு. இன்றைய செல்போன் கேமராக்களில் இருப்பது இந்த வகை.

• 2008: பானசோனிக் ஜி1. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அமைப்பின் முதல் கேமரா. எஸ்எல்ஆர் கேமராவில் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டதால் கேமராவின் உடல் சிறுத்தது. மிரர்லெஸ் வகை பரவியது இதன் பிறகே.

சென்சார் அளவு – மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள்

• ஃபுல் ஃபிரேம்: 36 × 24 மி.மீ.
• ஏபிஎஸ்-சி: சுமார் 23.5 × 15.6 மி.மீ. (கேனனில் சற்றுக் குறைவு)
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13 மி.மீ.
• ஒரு அங்குல வகை: 13.2 × 8.8 மி.மீ.
• சிறிய காம்பாக்ட்: சுமார் 6.2 × 4.6 மி.மீ.

முதலாவதன் பரப்பு 864 சதுர மி.மீ., கடைசியினது ஏறத்தாழ 28. முப்பது மடங்கு வேறுபாடு. வெயிலில் எடுத்த படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. மாலை மங்கிய பிறகு கோயில் பிராகாரத்தில் எடுத்துப் பாருங்கள்: சிறிய சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி போதாமல், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏற, படம் முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளி விழும்.

ஒரு சிக்கலான பெயர்: ‘ஒரு அங்குல’ சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ. மட்டுமே, ஓர் அங்குலமோ 25.4 மி.மீ. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன அளவு அப்படியே ஒட்டிக்கொண்டது.

மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும்?

அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால், 6 × 4 அங்குலப் பிரிண்டுக்கு 1800 × 1200, அதாவது 2.16 மெகாபிக்சல். ஏ4 தாளுக்குச் சுமார் 8.7. ஒரு 4கே திரைக்கு 8.3. இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டியே இருக்கின்றன. 12-லிருந்து 48-க்குப் போனாலும் படத்தின் அகலமும் உயரமும் இரட்டிப்பதோடு சரி. சுவர் அளவு அச்சடிப்பவருக்கும் படத்தைப் பெரிதாக வெட்டிப் பயன்படுத்துபவருக்கும் அது உதவும். மற்றவருக்கு நினைவக இடந்தான் நிரம்பும்.

லென்ஸ்

• எஃப் எண் = குவியத் தூரம் ÷ துளையின் விட்டம். எண் சிறிதானால் துளை பெரிது. வரிசை: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். எஃப் 2 தருவது எஃப் 4 தருவதைப்போல் நான்கு மடங்கு.
• ஏபிஎஸ்-சியின் வெட்டுக் காரணி 1.5 (கேனனில் 1.6). 200 மி.மீ. லென்ஸ் அதில் 300 மி.மீ. கோணத்தைக் காட்டும்.
• ஆப்டிகல் ஜூம் லென்ஸின் வேலை. டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது. வாங்கும்போது அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேவையும் தேர்வும்

பயணம், பிறந்தநாள், வாட்ஸ்அப்: கையிலுள்ள நல்ல செல்போனே போதும். தனிக் கேமராவுக்குப் பணம் போடாதீர்கள்.

வீட்டுக்குள் ஓடும் குழந்தைகள்: ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், கூடவே 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். உடலோடு வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸ் இரவு விளக்கில் திணறும்.

வேடந்தாங்கல் பறவைகள்: 400 மி.மீ. எட்டும் லென்ஸும் வேகமான ஆட்டோஃபோகஸும். அவ்வளவு செலவிட முடியாதவருக்கு நீண்ட ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமரா. காலை வெளிச்சத்தில் அது கைவிடாது.

கல்யாண ஆர்டர் எடுப்பவர்: இரண்டு கார்டு செருகும் உடல் கட்டாயம். தாலி கட்டும் நேரத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. ரா கோப்பிலும் எடுங்கள்: 14 பிட் ரா ஒரு நிறத்துக்கு 16,384 நிலைகளைக் காக்கும், ஜேபெக்கில் 256 தான்.

வீடியோ: மைக் செருகும் துளை, திருப்பக்கூடிய திரை, வி30 கார்டு (விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்). எஸ்டிஹெச்சி கார்டு 32 ஜிபி வரை. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி.

பணம் பிரிக்கும்போது லென்ஸுக்குக் கூடுதலாக ஒதுக்குவதே என் பரிந்துரை. உடல் சில ஆண்டுகளில் பழசாகும். நல்ல லென்ஸ் அடுத்த உடலுக்கும் வரும். பழைய கேமரா வாங்குவோர் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்டு, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும்: சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் புது லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.